பூமி பிரியும் இடத்தில் வேடிக்கை பார்க்கலாமா?

மனிதன் வேடிக்கை பார்ப்பதில் ஆசையுள்ளவன். தேர் வந்தாலும் பார்ப்பான். தெருவில் சண்டை வந்தாலும் பார்ப்பான். அயல்வீட்டுக் கூரை தீப்பற்றினால் சிலர் வாளியோடு ஓடுவர். சிலர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பர். இந்தப் பழைய ஆசை இன்று கடல் கடந்து, பூமி பிளந்து கிடக்கும் இடங்களுக்கும் பணம் செலவழித்துப் போகிறது. அப்படிப் போவது முறையா? போகின்றவன் அங்கே வாழ்கின்றவர்களுக்கு ஏதாவது கடமைப்பட்டவனா? இது வசதி படைத்தோரின் கேள்வி என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் கரைகளுக்கும் இதில் பங்குண்டு.

பூமியின் மேலோடு ஒரே துண்டன்று. பெரிதும் சிறிதுமான பல தகடுகளாக அது பிரிந்திருக்கிறது. அத்தகடுகள் ஓரிடத்தில் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. வேறோரிடத்தில் மோதி, ஒன்று மற்றதன் கீழே செல்கிறது. விலகும் எல்லைகளில் பெரும்பாலானவை சமுத்திரத்தின் அடியிலேயே மறைந்துள்ளன. அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே ஓடும் எல்லையோ ஐஸ்லாந்துத் தீவில் தரைக்கு மேலே ஏறிவருகிறது. அங்கே வட அமெரிக்கத் தகடும் யூரேசியத் தகடும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சதமமீற்றர் விலகுகின்றன. நம் விரல் நகம்கூட இதைவிட வேகமாக வளரும்.

இதைக் காண உல்லாசப் பயணிகள் கூடும் இடம் திங்வெல்லிர் என்ற பள்ளத்தாக்கு. கரும்பாறைச் சுவர்களுக்கிடையே நடைபாதை இருக்கிறது. அருகில் சில்ஃப்றா என்னும் வெடிப்பில் பனியாற்று நீர் நிறைந்து நிற்கிறது. எரிமலைப் பாறைகளினூடே பல ஆண்டுகள் கசிந்து வடிகட்டப்பட்ட நீர் அது. கண்ணாடிபோலத் தெளிவு, பனிக்கட்டிபோலக் குளிர். தடித்த உடையணிந்து அதில் மூழ்குவோர் இரு கைகளையும் விரித்து, ஒரு கையால் அமெரிக்காவையும் மறு கையால் ஐரோப்பாவையும் தொடுவதாகப் படம் எடுத்துக்கொள்வர்.

படம் அழகானதுதான். ஆனால் விஞ்ஞானிகள் சொல்வது வேறு. தகடுகளின் எல்லை ஒரு கோடன்று. பல கிலோமீற்றர் அகலமான வலயம். அந்த வலயம் முழுவதும் வெடிப்புகள், தாழ்ந்து இறங்கும் நிலம், இடையிடையே அதிர்ச்சிகள். ஆகவே கையை நீட்டிக்கொண்டு நிற்பவன் பிளவைத் தொடுகிறவனல்லன். அதன் உள்ளே நிற்கிறவன். பார்க்கப்படும் பொருள் எதிரே இருக்கிறது, தான் பத்திரமாக இப்பால் இருக்கிறேன் என்று அவன் எண்ணுவதே முதல் மயக்கம்.

இதே இடத்தில்தான் 930ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்து மக்களின் பொதுச்சபை கூடத் தொடங்கியது. ஏறக்குறைய 1000ஆம் ஆண்டில் கிறிஸ்தவத்தை ஏற்பதா என்ற பெரும் வாதம் அங்கு நடந்தது. அப்போது அயலூரில் பூமியிலிருந்து நெருப்பு வெளிப்பட்டதாகச் செய்தி வர, பழைய சமயத்தார் அதைத் தேவர்களின் கோபம் என்றனராம். அங்கிருந்த ஸ்னோறி என்ற தலைவர், நாம் இப்போது நிற்கும் பாறை எரிந்தபோது அவர்கள் எதற்காகக் கோபித்தார்கள் என்று கேட்டதாக அந்நாட்டுப் பழைய வரலாறு கூறுகிறது. எந்தச் சமயத்தார் வென்றனர் என்பது ஒருபுறமிருக்க, அக்கேள்வியைச் சற்றுச் சிந்திக்கலாம். பிறருடைய நெருப்புக்கு விளக்கம் தேடியவர்களை அவர் தங்கள் காலடியைப் பார்க்கச் செய்தார்.

அதே தீவின் தென்மேற்கு மூலையில் றெய்க்யநெஸ் குடாநாடு இருக்கிறது. ஏறக்குறைய 800 ஆண்டுகள் உறங்கியிருந்த அக்குடாநாட்டில் 2021 மார்ச் 19இல் நெருப்புக் குழம்பு வெளிப்பட்டது. குடியிருப்பில்லாத பள்ளத்தாக்கு, ஆகவே மக்கள் இலட்சக்கணக்கில் நடந்து சென்று பார்த்தனர். ஏப்ரல் 5இல் வேறோரிடத்தில் புதிதாக நிலம் திறக்கவே, நின்றவர்களை அவசரமாக அகற்ற வேண்டியிருந்தது. அங்கு மீட்புப் பணி செய்வோர் சம்பளம் பெறாத தொண்டர்கள். பகலில் தச்சராகவோ ஆசிரியராகவோ வேலை பார்த்துவிட்டு வருகிற மனிதர். எச்சரிக்கைக் கயிற்றைத் தாண்டுகிறவன் தன் உயிரை மட்டும் பணயம் வைப்பதாக நினைக்கிறான்; தன்னைத் தேடி வரப்போகும் ஒருவனின் உயிரையும் சேர்த்தே வைக்கிறான். இதை வீரம் என்று சொல்ல என்னால் முடியாது.

2023 நவம்பர் 10ஆம் திகதி இரவு, அதே குடாநாட்டிலுள்ள கிறின்டாவிக் என்ற மீன்பிடிப் பட்டினத்தின் மக்கள் அனைவரும், 3,700க்கு மேற்பட்டோர், வீடுகளைவிட்டு வெளியேற்றப்பட்டனர். தெருக்களின் கீழே நிலம் பிளந்துகொண்டிருந்தது. 2024 ஜனவரி 10இல் அவ்வெடிப்பொன்றை நிரப்பிக்கொண்டிருந்த தொழிலாளி அதனுள் விழுந்தார். தேடுவோரின் உயிருக்கும் ஆபத்து என்று கண்டு இரண்டு நாளில் தேடுதல் கைவிடப்பட்டது. ஜனவரி 14இல் குழம்பு பட்டினத்தின் ஓரத்தை அடைந்து மூன்று வீடுகளை எரித்தது. அக்காட்சி தொலைக்காட்சியில் நேரடியாகச் சென்றது. உலகத்தார் அதைப் பார்த்து வியந்தனர். அதே படத்தில் அவ்வீட்டார் பார்த்தது தங்கள் அடுப்படியை, பிள்ளைகள் படுத்த அறையை.

படம் பார்த்தவர்களைக் குறை கூறுகிறேன் அல்லேன். நம்மையும் உலகம் பார்த்த நாள் ஒன்றிருந்தது. 2004 டிசெம்பர் 26, நத்தாருக்கு மறுநாள் ஞாயிறு. சுமாத்திராவுக்கு மேற்கே ஒரு தகடு மற்றதன் கீழே செல்லும் எல்லை ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீளமாக முறிந்தது. இரண்டு மணி நேரமளவில் அலை இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறியது. இந்நாட்டில் மட்டும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தகடுகளின் எல்லைக்கு வெகுதூரத்தில், நடுத்தகட்டில் இருக்கும் தீவு என்று நம் பாடப்புத்தகங்கள் நம்மை ஆறுதல்படுத்தியிருந்தன. எல்லை நம்மிடம் வந்து சேர்ந்தது.

பின்னர் பேரலியாவில் புகையிரதப் பெட்டிகள் கிடந்த இடத்துக்கு ஆட்கள் வந்தனர். சிலர் அழுதனர், சிலர் முன்னால் நின்று படமெடுத்தனர். கமராவைத் தூக்கி வந்தவர்கள் எல்லாருமே கெட்டவர்களல்லர். முல்லைத்தீவிலிருந்து அம்பாறை வரை, பிணத்தைத் தேடிக்கொண்டிருந்தவனுக்கு அன்று வேண்டியிருந்தது தன்னோடு சேர்ந்து தேட ஒருவன்; அது இல்லாவிட்டால், படமெடுக்குமுன் அவன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க ஒருவன். பார்க்கப்பட்ட அனுபவம் நமக்கு இருக்கிறது. ஆகையால் பார்ப்பவனின் கடமைபற்றிப் பேச நமக்கு உரிமையும் இருக்கிறது.

எனினும் பார்க்கவே போகக்கூடாது என்று சொல்லிவிடுவது எளிது, சரியன்று. படைப்பின் வேலை நடக்கும் இடத்தில் நின்று வாயடைத்துப்போவது மனிதனுக்கு நல்லதே. பூமி முடிந்த பொருளன்று என்று புத்தகத்தில் படிப்பது ஒன்று. காலின் கீழ் சூடு தெரிய நின்று அறிவது வேறு. கேள்வி, எந்த நிலையில் அங்கு நிற்கிறோம் என்பதே.

நியூசிலாந்தின் கரையிலிருந்து ஏறக்குறைய 48 கிலோமீற்றர் தூரத்திலுள்ள வக்காரி என்ற எரிமலைத் தீவு, பசுபிக் தகடு கீழே செல்லும் எல்லையில் எழுந்தது. அங்கே படகில் சென்று எரிமலை வாய்வரை நடப்பது பல்லாண்டு வியாபாரமாக இருந்தது. 2019 நவம்பரில் அதன் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டது, பயணங்கள் நிற்கவில்லை. டிசெம்பர் 9ஆம் திகதி பிற்பகல் 2.11க்கு அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தனர். 22 பேர் இறந்தனர். மற்ற 25 பேரும் காயப்பட்டனர். பலருக்குக் கடும் எரிகாயம்.

ஏன் அங்கே போனார்கள் என்று உடனே கேட்டவர்கள் உண்டு. அக்கேள்வியின் அடியில், போனவனுக்கு வேண்டியதுதான் என்ற எண்ணம் பதுங்கியிருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேரைப்பற்றி நம் ஆண்டவர் கேட்டதை அறிந்தவர்கள் இவ்வாறு பேச இயலாது. ஆபத்தை அறிந்து ஏற்றவன் ஒருவன். சீட்டு விற்றவர்கள் தெளிவாகச் சொல்லாததால் அறியாமல் போனவன் இன்னொருவன். இருவரையும் ஒரே தட்டில் வைக்கலாகாது. சட்டமும் இதில் தடுமாறியது. பயணம் நடத்தியவர்கள் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். தீவின் உரிமையாளர்களுடைய கம்பனி 2023இல் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. 2025 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அனுமதி கொடுத்தவன், அனுமதி கொடுத்த அளவில், அங்கு நடக்கும் வேலையின் பாதுகாப்புக்குப் பொறுப்பாளியாகமாட்டான் என்பது அதன் சாரம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். ஆபத்தான காட்சியால் இலாபம் பெறுகிறவன் அதைப்பற்றி விசாரிக்கக் கடமைப்பட்டவன் என்றே என் மனச்சாட்சி சொல்கிறது.

அன்று பிற்பகல் வெடிப்புக்குச் சற்று முன்னரே தீவைப் பார்த்து முடித்து ஒரு படகு புறப்பட்டிருந்தது. அதிலிருந்தவர்கள் பின்னால் எழுந்த வெண்புகையை முதலில் படமெடுத்தனர். பின்பு படகு திரும்பியது. கரையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டது. பயணிகள் தாங்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரை முன்பின் அறியாதவர்களின் எரிந்த தோலில் ஊற்றினர். தங்கள் மேலுடைகளைக் கழற்றிக் கொடுத்தனர். கரை சேரும்வரை அவர்கள் நினைவிழந்து போகாதபடி பேசிக்கொண்டே இருந்தனர். ஹெலிகொப்டர் விமானிகள் சிலர் தாமாகவே சாம்பலுக்குள் இறங்கினர். படகு கரையை அடைய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றது.