எத்தனை நாளாக இப்படி?



இன்று வாசிக்கக் கேட்ட நற்செய்தியில் (மாற்கு 9:14-29) ஆண்டவர் மலையிலிருந்து இறங்கி வருகிறார். பேதுருவும் யாக்கோபும் யோவானும் கூட வருகிறார்கள். அடிவாரத்தில் பெருங்கூட்டம். மகனைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் ஒருவர் தவித்து நிற்கிறார். அவரையும் பிள்ளையையும் விட்டுவிட்டு, சீடர்களும் மறைநூல் அறிஞர்களும் வாக்குவாதத்தில் இருக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையின் துன்பம் வந்து வந்து போகிற துன்பம். எந்த நேரம் வரும் என்று தெரியாது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கும்போதும் வரும், தண்ணீர்க் கரையில் நிற்கும்போதும் வரும். இயேசுவின் கண்முன்னேயே அவன் விழுந்து புரளுகிறான். அப்போது ஆண்டவர் தகப்பனைப் பார்த்து, எவ்வளவு காலமாக இவனுக்கு இப்படி என்று கேட்கிறார். எல்லாம் அறிந்தவர் அவர். ஆனாலும் நோவு வெளிப்படும் அந்த நேரத்தில், அதைக் கூடவே இருந்து பார்த்தவரின் வாயிலிருந்து கேட்க விரும்புகிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பட்டறையில் கேட்டிருப்பார்கள். அம்பாசிடர், மாருதி 800 இரண்டும் 2014ஆம் ஆண்டோடு உற்பத்தி நின்ற வண்டிகள். இன்னும் நம் சாலைகளில் அவற்றைப் பார்க்கிறோம். அத்தகைய வண்டிகளில் மெக்கானிக்கைப் பெரிதும் சோதிப்பது எப்போதாவது மட்டும் ஸ்டார்ட் ஆகாத தொல்லை. காலையில் ஒரே சாவியில் பிடிக்கும். கடைக்குப் போய்விட்டுத் திரும்ப எடுத்தால் அசையாது. அரை மணி கழித்து எதுவுமே நடக்காததுபோல் ஓடும். பட்டறை வாசலில் நிறுத்தினால் எத்தனை தடவை திருப்பினாலும் ஸ்டார்ட் ஆகும்.

வழியில் நின்ற வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும். ஒருவர் பேட்டரி என்பார், ஒருவர் செல்ஃப் மோட்டார் என்பார், இன்னொருவர் பெட்ரோல் ஏறவில்லை என்பார். தேர்ந்த மெக்கானிக் அந்த வாதத்தில் சேரமாட்டார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்பார். இன்ஜின் சூடாக இருக்கும்போதா, ஆறியிருக்கும்போதா, மழைக்குப் பிறகா? சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையா, 'டிக்' என்று மட்டும் கேட்கிறதா, செல்ஃப் சுற்றியும் பிடிக்கவில்லையா? செல்ஃப் சுற்றவில்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் என்ற வரிசையில் தேடுவார். சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் பார்ப்பார். அடையாளங்களைச் சரியாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. கேட்காமல் பொருள்களை மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், பழுது அப்படியே இருக்கும்.

அன்பானவர்களே, நம்மில் பலருடைய விசுவாச வாழ்வின் நோவும் இந்த வகைதான். முழுவதும் நின்றுபோன விசுவாசம் என்றால் நமக்கே தெரிந்துவிடும். சில நாள் செபம் தானாக வருகிறது, சில நாள் சிலுவை அடையாளம் போடக்கூடக் கை எழுவதில்லை. சில நாள் பிள்ளைகளிடம் பொறுமையாக இருக்கிறோம், சில நாள் வீடே நடுங்கக் கத்துகிறோம்.

இக்னிஷன் காயிலில் ஒரு பழுது உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய செம்புக் கம்பி எங்கோ விட்டிருக்கும். சூடேறினால் விலகும், ஆறினால் தொடும். ஆறியதும் ஓடுகிறதே என்று உரிமையாளர் நிம்மதியாகிவிடுவார். கோபம் தணிந்ததும் நாமும் அப்படித்தான் நிம்மதியாகிறோம். தணிவது வேறு, குணமாவது வேறு. மனைவி அழுது ஓய்ந்து, பிள்ளை தூங்கிப்போன பிறகு வீட்டில் வரும் அமைதியைக் குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

பேட்டரியைச் சோதிக்கும் முறையையும் பாருங்கள். சும்மா இருக்கும்போது மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். அதோடு மெக்கானிக் நிறுத்திக்கொள்வதில்லை. செல்ஃப் சுற்றும்போது எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுவார். ஞாயிறு திருப்பலியில் நம் விசுவாசம் நிறைவாகவே தெரியும். கடன்காரர் வாசலில் நிற்கும்போது, மருத்துவ அறிக்கை கைக்கு வரும்போது, சொத்துப் பங்கீட்டில் அண்ணன் தம்பி எதிரெதிரே உட்காரும்போது அது எவ்வளவு நிற்கிறது என்பதே உண்மையான அளவு.

சில வண்டிகளில் பேட்டரி புதிதாகவே இருக்கும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும், அல்லது எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். கரண்ட் இருக்கிறது, கடக்க வழியில்லை. இறைவனின் அருளுக்கு ஒருநாளும் குறைவில்லை. ஆண்டுக்கணக்கில் மன்னிக்காமல் வைத்திருக்கும் ஒரு பெயர் நம் உள்ளத்தில் பூத்துப்போய், அந்த அருளுக்கு வழிவிடாமல் நிற்கலாம். செபிக்க நிற்கும்போதே மன்னியுங்கள் என்று ஆண்டவர் கற்பித்ததை (மாற்கு 11:25) மறக்க வேண்டாம்.

இனிச் சீடர்களைப் பாருங்கள். முன்பு இதே சீடர்கள் இருவர் இருவராகச் சென்று பேய்களை ஓட்டியவர்கள் (மாற்கு 6:13). இன்று இந்தப் பிள்ளையைக் குணமாக்க அவர்களால் முடியவில்லை. அவர்களுடைய வல்லமையும் வந்து வந்து போகிறது. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வீட்டுக்குள் போனதும், எங்களால் ஏன் முடியவில்லை என்று ஆண்டவரிடமே தனியாகக் கேட்டார்கள். இறைவேண்டலைத் தவிர வேறு வழியில்லை என்று அவர் விடை சொன்னார். நேற்றைய வெற்றியை நம்பி இன்றைக்குச் செபிக்காமல் போவதுதான் பழுது என்பதை அங்கே கற்றுக்கொண்டார்கள்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி தந்திருக்கிறார். 1548இல் அச்சான அவருடைய 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், திருத்திக்கொள்ள விரும்பும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொண்டு, மதியமும் இரவும் தம்மைச் சோதித்து, விழுந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார். நாளுக்கு இரண்டு கோடு. மதியத்தோடு இரவையும், நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எப்போது விழுகிறோம் என்பது அப்போது தெரியவரும்: களைப்பிலா, பசியிலா, யாரோ ஒருவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகா? அறிந்துகொண்டால் திட்டமாகச் செபிக்கலாம், ஒப்புரவு அருளடையாளத்தில் தெளிவாக அறிக்கையிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நற்செய்தியில் வரும் பிள்ளையின் அடையாளங்கள் வலிப்பை நினைவூட்டும். வலிப்பு, பெரும்பாலோருக்கு மருந்தால் கட்டுப்படுத்தக்கூடிய நோய். அது யாருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல. அப்படிப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் செபியுங்கள், மருத்துவரிடமும் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள்.

இறுதியாக, அந்தத் தகப்பன். நம்பிக்கையும் நம்பிக்கையின்மையும் ஒரே நெஞ்சில் இருப்பதை அவர் மறைக்கவில்லை. நம்புகிறேன் என்றும் சொன்னார், நம்பாத பகுதிக்கு உதவும் என்றும் கேட்டார். ஆண்டவர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முழு விசுவாசம் வரட்டும் என்று காத்திருக்கவும் இல்லை. அந்த அரைகுறை விசுவாசத்தை ஏற்று, பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

எனவே இந்த வாரம் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ளுங்கள். மதியமும் இரவும் இரண்டு நிமிடம் அமர்ந்து, எப்போது, எங்கே, யார் முன்னால் விழுந்தீர்கள் என்று குறித்து வையுங்கள். அதை அப்படியே ஒப்புரவுக்குக் கொண்டுவாருங்கள். அன்று தகப்பனின் வாயிலிருந்து கேட்க விரும்பிய ஆண்டவர் உங்களிடமும் கேட்கிறார். மறைக்காமல் சொல்லுங்கள். நம் விசுவாசத்தின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் அறிந்த அவர், நம் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்துவாராக. ஆமென்.