பிடித்து வேறு காட்டில் விட்டால் போதுமா?

சிக், பாலிங் பக்கம் செம்பனைக்குள் யானை இறங்கியது என்று சேதி வந்தால் நம் ஆட்கள் சொல்வது ஒன்றுதான்: "பிடிச்சு வேற காட்டுல விடுங்கப்பா!" நியாயமான பேச்சுதான். இளங்கன்றின் குருத்து போனால் சிறுதோட்டக்காரருக்கு அது வயிற்றில் அடி. நம் வனவிலங்குத் துறையும் 1974 முதல் யானைகளை இடம் மாற்றித்தான் வருகிறது.

ஆனால் எந்த யானையை? இலங்கையில் இடம் மாற்றிய 12 ஆண் யானைகளுக்கு ஜிபிஎஸ் பட்டை கட்டிப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது. சில, பிடித்த இடத்துக்கே திரும்பின. சில, ஊர் ஊராக அலைந்தன. சில, புது இடத்திலேயே தங்கிவிட்டன. மொத்தத்தில் தொல்லை குறையவில்லை. புது ஊர்களுக்கும் பரவியது. யானைச் சாவும் கூடியது.

தமிழ்நாட்டுச் சின்னத்தம்பியை 2019 ஜனவரியில் கோவை அருகே பிடித்து டாப்சிலிப் காட்டில் விட்டார்கள். அவன் நடந்தே வெளியேறி உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டில் போய் நின்றான். பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமில் அடைத்தார்கள்.

துணிச்சல்காரன், பயந்தவன், ஊர்சுற்றி என்று யானையிலும் உண்டு. தூரம் நடக்கிற யானைதான் விதையையும் தூரம் கொண்டுபோகிறது. அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டால் உலு மூடா காட்டில் மரம் முளைக்கும் இடமும் மாறும். அந்தக் காட்டுத் தண்ணீரைத்தானே நாம் குடிக்கிறோம்?

தோட்டத்தில் பெரட்டு எடுத்த காலத்தில், கிராணி புத்தகத்தில் நம் பாட்டன்மார் வெறும் தலைக்கணக்கு. லயத்துக்குள்தான் அவரவர் குணம் தெரியும். தோட்டம் கைமாறியபோது டவுனில் வேர்விட்டவர்களும் உண்டு, கடைசிவரை வேர்விடாதவர்களும் உண்டு. மனிதனும் யானையும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கணக்குப் புத்தகம் குணத்தைப் பார்க்காது என்கிறேன், அவ்வளவுதான்.

எல்லா உயிரும் தன் இயல்புப்படியே நடக்கிறது என்கிறது கீதை. அப்படியென்றால் இயல்புக்காக யானையைக் குற்றவாளி ஆக்க முடியாது. யோசித்து முடிவெடுக்கக்கூடிய நமக்குத்தான் பொறுப்பு அதிகம். விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை படைத்தால் மட்டும் அது தீராது.

தம்பி தங்கைகளே, அடுத்த முறை யானைச் சேதி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள். வந்தது எந்த யானை, அதன் போக்கு என்ன? கன்றை இழந்தவருக்கு நஷ்டஈடு கிடைத்ததா? இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் தர்மம்.