விடியும்வரை ஒரு விளக்கு

2025 பொசன் போயா. அலுவலகம் பூட்டு, சேவரை யாரும் தொட மாட்டார்கள் என்பதால் அந்த நாளைத் தெரிவு செய்தேன். எங்கள் கணக்குகள் உள்ள மெய்நிகர் இயந்திரம் உபுண்டு 20.04இல் ஓடிக்கொண்டிருந்தது; அதற்கான இலவசப் பராமரிப்பு மே மாதத்தோடு முடிந்திருந்தது. கண்டி கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து, 22.04க்கு மாற்றும் வேலையைத் தொடங்கினேன்.

மதியம் மறுபடி இயக்கியபோது கறுப்புத் திரையில் 'கேர்னல் பேனிக்' என்று வந்து நின்றது. மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லையாம். வட்டின் எண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பூச்சியங்கள். மூன்றுமுறை இயக்கினேன், மூன்றுமுறையும் அதே பூச்சியங்கள். வயிறு கலங்கியது. ஸ்னாப்ஷாட் இருந்தது, ஆனால் அதற்குத் திரும்பினால் காலையிலிருந்து செய்த வேலை எல்லாம் வீண்.

தலதா மாளிகையில் பூவைத்து வணங்கிவிட்டு, வெள்ளை உடுப்போடு நேரே வந்து சேர்ந்தார் பக்கத்து மேசைச் சிங்கள நண்பர். வட்டைக் கழற்றி இன்னொரு மெய்நிகர் இயந்திரத்தில் இணைத்துப் பார்த்தோம். ஒரு கோப்பும் தொலையவில்லை. வட்டு முழுதாக இருக்கிறது; கேர்னலுக்குத்தான் அது தெரியவில்லை.

காரணம் சின்னது. பூட் பிரிவு பழைய கேர்னல்களால் நிரம்பிவிட்டதால், புதிய 5.15 கேர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு கோப்பு உருவாகவில்லை. எங்கள் மூலப் பிரிவு எல்விஎம்முக்குள் இருக்கிறது. அதைத் திறக்கும் கருவி அந்தச் சிறு கோப்பில்தான் உண்டு. முதலில் அது நினைவகத்தில் விரிந்து, உண்மையான வட்டைக் கண்டுபிடித்துக் கேர்னலிடம் கொடுக்கும். கொடுத்ததும் தன்னை அழித்துக்கொண்டு இடத்தை விட்டுவிடும்.

"தோணி மாதிரி," என்றார் நண்பர். கரை சேர்ந்தபின் தோணியைத் தலையில் சுமக்கவேண்டாம் என்பது புத்தர் சொன்ன உவமை. எழுப்புகிறவன் என்று தனியாக ஒருவன் இல்லை, சார்புகள் கூடினால் இயந்திரம் எழும், கூடாவிட்டால் எழாது என்றார். மணிமேகலையின் 30ஆம் காதையில் நான் படித்த, ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரு நிதானங்கள் ஞாபகம் வந்தன. 1958 முதல் இந்த நகரத்து வாவிக்கரையிலிருந்து பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் வெளியிட்டுவரும் சிறு நூல்களில் வளர்ந்தவர் அவர். அவர் பேச்சைத் தட்டிவிட முடியாது.

ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் எட்டாம் சூத்திரத்தில், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரன் வருகிறான். 'நீ என் மகன்' என்று தந்தை வந்து சொன்னபோது அவன் புதிதாக அரசகுமாரன் ஆகிவிடவில்லை. அதற்கு முன்பும் அவன் அதுதான். வட்டில் எல்லாம் இருந்ததே, அதுபோல. ஆனால் யாராவது வந்து சொல்லாமல் அவனுக்கு அது தெரியாது. உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் மாயையை விடியும்வரை எரியும் விளக்கு என்கிறார். மாயை சைவர்களான எங்களுக்குப் பொய் அல்ல. ஆணவ இருளில் உயிருக்கு உடலும் கருவியும் தந்து கொஞ்சம் காட்டுகிறது. அந்தச் சிறு கோப்பு செய்வது அச்சொட்டாக அந்த வேலைதான்.

"இன்று பொசன். மகிந்தர் கடல் கடந்து வந்து புத்தரின் தர்மத்தைச் சொன்னதைத்தானே கொண்டாடுகிறீர்கள்?" என்று கேட்டேன். அவர் சற்று யோசித்து, "சொன்னார். நடந்தது நாங்கள்தான்," என்றார். நேர்மையான பதில், இன்னமும் அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கிரப் பட்டியலில் பழைய 5.4 கேர்னலைத் தெரிவு செய்தோம். எழுந்தது. தேவையற்ற கேர்னல்களை நீக்கி இடம் எடுத்து, 5.15க்கான கோப்பை உருவாக்கி மீண்டும் இயக்கினோம். நாலரைக்கு உள்நுழையும் திரை வந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. எனக்குக் கண் கலங்கியது உண்மை.

அந்தப் பழைய கேர்னலை நான் வைக்கவில்லை. புதியது விழுந்தால் முன்னையது கைகொடுக்கட்டும் என்று முன்பின் தெரியாத யாரோ நினைத்துச் செய்த ஏற்பாடு அது. நண்பர் அதையும் ஒரு சார்பு என்பார். நான் அதை அருள் என்கிறேன்.

நீங்களும் இந்த மாற்றத்தைச் செய்யப்போகிறீர்கள் என்றால், பூட் பிரிவில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓடுகிற கேர்னல் ஒன்றையாவது அழிக்காமல் வையுங்கள்.