நாவின் நடுக்கம்

ஞாயிறு திருப்பலியில் முதல் வாசகம் வாசிக்க அழைத்தால், "கை நடுங்கும் சாமி" என்று ஒதுங்குவோர் பலர். அதனைத் தாழ்ச்சி என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. இருமொழி அறிந்தோர் துணையுடன் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருக்களில் சிறுவரைக் கூட்டி ஓதினார். உச்சரிப்பு பிழைபட்டிருக்கும், பிள்ளைகள் சிரித்திருக்கவும் கூடும். அவர்கள் செபம் கற்கவேண்டும் என்பதே அவர் கவலை. நமக்கோ, பெரும்பாலும், நம் பெயர் கெடுமோ என்ற கவலை. இதற்குத் தாழ்ச்சி என்று பெயரிடலாமா?

ஆயினும் ஆயத்தமின்றி வாசகமேடை ஏறுவதும் அன்பாகாது. அவரும் மனப்பாடம் செய்தார் அன்றோ! மறையுரைக்கு எழும்போது இன்றும் நமக்குத் தொண்டை வறள்கிறது. சனிக்கிழமை இரவே ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறோம். கேட்பவர் உபதேசியார், பிழை சொல்லத் தயங்கமாட்டார்.