கூட வர ஓர் ஆள்

மனம் நலமாக இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகூடப் பட்டியல் சொல்லிவிடும். நேரத்துக்குத் தூங்கு, காலையில் நட, வேளைக்குச் சாப்பிடு, கைப்பேசியைக் குறை, நாலு பேரிடம் பேசு. அத்தனையும் சரியான பேச்சு. ஆனால் மனம் நொந்து கிடக்கும் ஒருவரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் கைவிட்டுப் போவது இவைதான். தூக்கம் கெடும். சோறு இறங்காது. குளிப்பதே மலைப்பாக இருக்கும். வாசலில் ஆள் சத்தம் கேட்டால் உள்ளறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளத் தோன்றும். அந்த நேரத்தில் இந்தப் பழக்கங்களை எதன் பலத்தில் பிடித்து வைப்பது? மன உறுதியின் பலத்தில் என்றால், அதுதானே அப்போது தீர்ந்துபோயிருக்கிறது?

இதற்குப் பதில் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை. கும்பகோணத்தில் என் அத்தை வீட்டில் கிடைத்தது. மாமா போன பிறகு அத்தை வீட்டை விட்டு வெளியே வருவதே நின்றுபோனது. பிள்ளைகள் தொலைபேசியில் அழைத்து, 'கொஞ்சம் நடந்துட்டு வாம்மா, கோயிலுக்குப் போம்மா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அத்தையும் 'சரி' என்பார்; போக மாட்டார். எதிர்வீட்டு அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. விடிந்ததும் கதவைத் தட்டி, "அக்கா, பால் வாங்கப் போறேன், பையை எடுத்துட்டு வாங்க" என்றார். "நீ போயிட்டு வாம்மா, எனக்கு முடியல" என்று அத்தை சொன்னால், "மெதுவா வாங்க, நான் நிக்கிறேன்" என்று வாசலிலேயே நின்றார். ஒருத்தியை வாசலில் நிற்க வைத்துவிட்டுப் படுத்திருக்க அத்தையால் முடியவில்லை. தனக்காக எழுந்திருக்காதவர், காத்திருக்கும் இன்னொருத்திக்காக எழுந்தார். பால் பூத்துக்குப் போன கால்கள் கொஞ்ச நாளில் காய்கறிக் கடைக்கும் போயின. பிறகு ஒருநாள் அத்தையே முதலில் கிளம்பி எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

அந்த அம்மா செய்ததற்கு உளவியலில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பீட்டர் லெவின்சோன் 1970களில் மனச்சோர்வைப் பற்றி ஓர் எளிய விளக்கம் தந்தார். சோர்ந்தவர் தனக்கு நிறைவு தந்த வேலைகளிலிருந்தும் மனிதர்களிடமிருந்தும் விலகுகிறார். விலக விலக நிறைவு குறைகிறது. அது சோர்வை இன்னும் கூட்டுகிறது. இந்தச் சுழலை வெட்ட வேண்டுமானால், மனம் சரியாகட்டும் என்று காத்திராமல் சின்னச் சின்னக் காரியங்களை முதலில் தொடங்க வேண்டும். மனம் பின்னால் வரும். 1996இல் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். எண்ணங்களைத் திருத்தும் முழுச் சிகிச்சையையும், அதிலிருந்து செயல்களை மீட்கும் பகுதியை மட்டும் தனியே பிரித்தெடுத்ததையும் ஒப்பிட்டபோது, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. 'மனசு வந்தா செய்றேன்' என்று நாம் சொல்லும் வரிசையை அவர்கள் திருப்பிப் போட்டார்கள்.

பால் வாங்கப் போகிற அந்தச் சிறு நடையில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். காலை வெளிச்சம் கண்ணில் படுகிறது. விழித்திரையில் சில செல்கள், பார்ப்பதற்கென்று இல்லாமல், 'விடிந்துவிட்டது' என்ற செய்தியை மூளையிலுள்ள உயிர்க்கடிகாரத்துக்கு அனுப்புகின்றன. இரவில் தூக்கம் வரும் நேரமும் அதைக்கொண்டுதான் ஒழுங்குபடுகிறது. அதனால் நல்ல தூக்கத்துக்கான வேலை இரவில் படுக்கையில் தொடங்குவதில்லை. தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வருவதில் தொடங்குகிறது. மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் பலருடைய உடலில் இருக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். அடுத்தது, கால்கள் நடக்கின்றன. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்; நாளுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். மூன்றாவது, வழியில் பேச்சு. விலைவாசி, பேரன் பேச்சு, நேற்றுப் பெய்த மழை. சோகத்தைப் பற்றியே பேச வேண்டும் என்று கட்டாயமில்லாத பேச்சு.

அந்த மூன்றில் எனக்கு ஆணிவேராகப் படுவது மூன்றாவதுதான். வெளிச்சத்துக்கும் நடைக்கும் அத்தையை இழுத்து வந்தது அந்த உறவு. ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் இதையே ஒரு திட்டமாக்கினார். மருத்துவர்கள் மிகக் குறைவான நாடு அது. அவர் உள்ளூர்ப் பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்து, சுகாதார நிலையத்தின் வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். மனம் நொந்து வருகிறவர் பேசுவார், பாட்டி கேட்பார், இருவரும் சேர்ந்து, இப்போதைக்குத் தீர்க்கக்கூடிய ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வார்கள். 2016இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இந்தப் பெஞ்சுக்கு வந்தவர்கள் நன்றாகத் தேறியிருந்தார்கள்.

பழக்கத்துக்கே இன்னொருவரின் துணை வேண்டும் என்றால், அது நம் வீடுகளுக்கு ஒரு கேள்வியை வைக்கிறது. காலை நாலரைக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, வேலைக்கும் ஓடும் பெண்ணிடம் 'உனக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கு' என்று சொன்னால், அந்த அரை மணி எங்கிருந்து வரும்? வீட்டில் இன்னொருவர் அடுப்படியில் நின்றால்தான் வரும். ஒருவருடைய மனநலத்துக்கு நேரம் உண்டாக்கித் தருவது மற்றவர்களின் கடமை. அதைச் செய்யாமல் பழக்கங்களை மட்டும் போதிப்பது, அவருடைய சுமையின் மேல் இன்னொரு சுமையை ஏற்றுவது.

பழக்கங்களால் எல்லாம் தீரும் என்றும் நான் சொல்ல மாட்டேன். வாட்டமும் தூக்கக் கேடும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வேலையே ஓடவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற இலவச எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' சேவை இரவும் பகலும் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம். உயிரை விடும் எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே அழைக்க வேண்டும். அங்கும்கூட, எண்ணை அழுத்தித் தரவும் மருத்துவமனை வரிசையில் கூடவே நிற்கவும் ஓர் ஆள் வேண்டியிருக்கும்.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். உங்கள் நாளின் ஏதாவது ஒரு பழக்கத்தில் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் உங்களோடு நடப்பவராக இருக்கட்டும், டீக்கடைக்கு வருபவராக இருக்கட்டும், ராத்திரி ஒரு வார்த்தை பேசுபவராக இருக்கட்டும். நீங்கள் வராத நாளில் 'ஏன் வரல?' என்று கேட்கும் உரிமையை அவருக்குக் கொடுங்கள். அவரிடமிருந்தும் அதை வாங்கிக்கொள்ளுங்கள். தெம்பாக இருக்கும் காலத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். தெம்பு போன பிறகு புதிதாக ஓர் ஆளைத் தேட யாராலும் முடிவதில்லை.