பிரம்பும் நன்றியும்

2012-ஆம் ஆண்டு, நான் படித்த பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் சிலர் கூடி, எங்கள் ஆசிரியர் ஒருவருக்குப் பாராட்டு விழா நடத்தினோம். அவருக்கு அப்போது வயது 84. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி ஒருவர் எழுந்து, "இவர் கைப் பிரம்பு மட்டும் இல்லாதிருந்தால் நான் இன்றைக்கு மாடு மேய்த்துக்கொண்டிருப்பேன்" என்றார். ஒரே கைதட்டல். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதே ஓர் எண்ணம் குறுக்கிட்டது. அந்தப் பிரம்புக்குப் பயந்து மாடு மேய்க்கப் போனவர்கள் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லையே!

அடிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் சாட்சியங்களில் எல்லாம் இந்தக் கோளாறு உண்டு. தேறியவன் மட்டுமே மேடை ஏறுகிறான். ஓடிப்போனவனை யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. தேறியவன்தான் ஆகட்டும், அடியினால் தேறினானா, அடியை மீறித் தேறினானா? அது அவனுக்கே தெரியாது.

நம்மவர்களுக்கு அடியில் நம்பிக்கை அதிகம். "அடியாத மாடு படியாது" என்பார்கள். "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்" என்று பிள்ளையை ஒப்படைத்துப் போன தகப்பன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிட்டு அடித்த காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் கோதண்டம். இராமபிரான் கை வில்லின் பெயரை இந்தக் காரியத்துக்கு வைக்க எந்தப் புண்ணியவானுக்கு மனம் வந்ததோ!

தமிழ்நாட்டில் 2003-இல் கல்வி விதிகளைத் திருத்திப் பிரம்படியை விலக்கினார்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடலை வருத்துவதோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே தடுக்கிறது. பின்னதைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. பிரம்பைக் கீழே வைத்த சிலர் நாக்கைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஆசிரியர்கள் பக்கம் நியாயம் இல்லையா? உண்டு. "ஓர் அறையில் 60 பிள்ளைகளை அடைத்துவிட்டு, இருந்த பிரம்பையும் வாங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு என்ன கொடுத்தார்கள்?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அடி பலிக்காது என்றும் நான் வாதாட மாட்டேன். பலிக்கிறது, உடனே பலிக்கிறது. ஓங்கிய கையைக் கண்டதும் வகுப்பு அடங்கிவிடும். வாத்தியார் முதுகைத் திருப்பிய பிறகு என்ன ஆகிறது என்பதைப் பள்ளிக்கூடம் போன எல்லாரும் அறிவோம்.

1962-இல் நான் ஏழாம் வகுப்பு. வீட்டுக் கணக்குப் போடாமல் வந்தவர்கள் ஒருநாள் மூன்று பேர்: கர்ணத்தின் மகன், நான், ஆடு மேய்ப்பவர் ஒருவரின் மகன். குற்றம் மூன்று பேருக்கும் ஒன்றுதான். கர்ணத்தின் மகனுக்கு ஒரு முறைப்பு. எனக்கு இரண்டு அடி. அவனுக்கு விழுந்ததை நாங்கள் பத்துக்கு மேல் எண்ணவில்லை. பிரம்புக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று நன்றாகத் தெரிந்திருந்தது. நான் அன்று அழவில்லை. நமக்கு இரண்டோடு போயிற்றே என்று உள்ளுக்குள் மகிழ்ந்தேன். இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று வகுப்பில் நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் அதுதான், கணக்கு இல்லை. மறுநாள் அவன் வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

விழாவுக்கு வருகிறேன். அடித்தவர் அவர்தான். ஏற்புரை சொல்ல எழுந்தவர், மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, நன்றி என்று சுருக்கமாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கலைந்த பிறகு என்னை அருகே கூப்பிட்டார்.

"ஏழாம் வகுப்பில் உன் பக்கத்தில் ஒருவன் இருப்பானே, இடது கையால் எழுதுவான். அவன் வரவில்லையா?"

ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன!

"இல்லை, சார். எங்கே இருக்கிறான் என்றே தெரியாது."

"பார்த்தால் என்னை வந்து பார்க்கச் சொல்லப்பா."

கொஞ்ச நேரம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாம். அவன் இருக்கிற இடத்தை மட்டும் விசாரித்துச் சொல். நானே போகிறேன்" என்றார்.