மறுக்கும் கையும் நம் கடமையும்

இஷாத் தொழுகை முடிந்து, பாடி மேம்பாலத்தடி வழியாக வீடு திரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். துணிமூட்டையைத் தலைக்கு வைத்து ஒரு முதியவர் படுத்திருக்கிறார். மனம் இளகுகிறது. "பெரியவரே, மாநகராட்சிக் காப்பகம் இருக்கிறது. தங்கக் காசு வேண்டாம். கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்கிறோம். "வாணாம்ப்பா, இங்கேயே இருந்துக்கிறேன்" என்கிறார் அவர்.

'சொல்லிப் பார்த்தோம், அவர் கேட்கவில்லை. இனி நம் மீது குற்றமில்லை' என்று அத்துடன் கணக்கை முடித்து விடுகிறோம். கணக்கு உண்மையில் முடிந்து விட்டதா? சற்றே சிந்திப்போம்.

உதவிக்கு ஏற்பாடே இல்லை என்று சொல்வதற்கில்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வீதம், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டுமென 2010-இல் உச்ச நீதிமன்றம் பணித்தது. சென்னை மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களின் துணையோடு காப்பகங்களை நடத்தி வருகிறது. இருந்தும் சிலர் வர மறுக்கிறார்கள். "சோம்பேறிகள், ஊர்சுற்றிப் பழகியவர்கள்" என்று நாம் சொல்லி விடுகிறோம். அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் வேறு காரணங்கள் புலப்படும்.

கோயம்பேடு அங்காடியில் மூட்டை தூக்குபவருக்கு வேலை நள்ளிரவில் தொடங்கும். ஊர் உறங்கும் நேரத்தில் படுக்கை கொடுத்து அவருக்கு என்ன பயன்? பிழைப்புக்கு மீன்பாடி வண்டி ஒன்றே சொத்தாக உள்ளவர், அதைத் தெருவில் விட்டுவிட்டு உள்ளே எப்படி உறங்குவார்? காப்பகங்கள் பல, ஆண்களுக்கு, பெண்களுக்கு எனத் தனித்தனியே இருப்பவை. மனைவி மக்களோடு இருப்பவர், கூரைக்காகக் குடும்பத்தைப் பிரிக்க வேண்டும். கடனுக்குத் தேநீர் தரும் கடைக்காரர், காய்ச்சல் வந்தால் விசாரிக்கும் பூக்காரி என்று தெருவிலும் அவருக்கு ஓர் உறவு வட்டம் உண்டு. நாம் அழைக்கும் இடத்தில் அவரை யாருக்குத் தெரியும்?

அச்சமும் உண்டு. 1945-ஆம் ஆண்டின் பிச்சை தடுப்புச் சட்டப்படி, பிடிக்கப்பட்டவர்களைப் பூந்தமல்லி வட்டாரத்து மேல்பாக்கம் முகாமுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. வேனில் ஏற்றப்பட்டவர்களின் கதை கேட்டவருக்கு, "வாருங்கள்" என்ற நம் அன்பான அழைப்பும் வேறு விதமாகவே காதில் விழும்.

மனநோயால் மறுப்பவரும் உண்டு. அவரை 'அவர் விருப்பம்' என்று விட்டுவிடுவது இரக்கமாகாது. அலைந்து திரியும் மனநோயாளிகளைப் பாதுகாப்பில் எடுப்பதைக் காவல் துறையின் கடமையாக்குகிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். பாடிக்கு அடுத்த முகப்பேரில், வீடற்ற மனநோயுற்ற பெண்களுக்காக 1993-இல் தொடங்கிய பேன்யன் அமைப்பு கண்ட அனுபவம் கவனிக்கத்தக்கது. சிகிச்சைக்குப் பின்னும் திரும்பிப் போக வீடில்லாத பெண்களை விடுதியிலேயே வைத்திராமல், சாதாரணத் தெருவில், சாதாரண வீட்டில், நாலைந்து பேராகச் சேர்ந்து வாழ அது வழி செய்தது. அவர்களுக்குக் கட்டிலோடு, தமக்கென்று ஒரு வாசற்படியும் தேவைப்பட்டது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். வணக்கசாலிகளின் செல்வத்தில் கேட்பவருக்கும் இல்லாதவருக்கும் குறிப்பிட்ட உரிமை உண்டு என்று திருமறையின் 70-ஆம் அத்தியாயம் கூறுகிறது. உரிமை என்றால், கொடுப்பவர் கடன்காரர் ஆகிறார். கடன் கொடுத்தவரால் வாங்கிக்கொள்ள முடியாத விதத்தில் பணத்தை நீட்டிவிட்டு, "அவர் வாங்கவில்லை, கடன் தீர்ந்தது" என்று சொல்ல முடியுமா? ஸகாத் நிறைவேற, பெறுபவரை அப்பொருளுக்கு உரிமையாளராக்க வேண்டும் என்று ஹனபி சட்ட அறிஞர்கள் நிபந்தனை வைத்ததையும் எண்ணிப் பாருங்கள். எளியவரைத் தம் பொருளைத் தாமே ஆளக்கூடியவராக மதிக்கும் முறை அது.

வீடற்ற தோழர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசல் திண்ணையிலேயே தங்கியிருந்தார்கள். ஊரின் நடுவில், அண்ணலாரின் கண் முன்னே அவர்கள் வாழ்ந்தார்கள். அன்பளிப்பாகப் பால் வந்தபோது அவர்களை அழைத்து முதலில் அருந்தச் செய்து, கடைசியில் அண்ணலார் அருந்தினார்கள் என்பதை நாம் அறிவோம்.

ஆகவே, அடுத்த முறை மேம்பாலத்தடியில் நிற்கும்போது, "ஏன் வரமாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்போம். பதில், வண்டிக்கு ஒரு பூட்டாக இருக்கலாம். ஓர் அடையாள அட்டைக்கான அலைச்சலாக இருக்கலாம். மருத்துவமனைக்கு ஒரு துணையாக இருக்கலாம். ஒன்றுமே வேண்டாம் என்றால் ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு, மறுநாளும் போவோம். அவர் மறுப்பது ஒரு நாள் உதவியை. நம் கடமை ஒரு நாளில் தீர்வதல்ல.

எளியோரின் உரிமையை அவர்கள் மனம் நோகாமல் சேர்ப்பிக்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.